ஓடும் எழுத்துப் பலகையில் டேட்டா அனுப்பப் போய் நான் பட்ட பாடு

நகைக்கடை வாசலில் தங்கம் விலை, பேக்கரி நெற்றியில் 'சூடான பப்ஸ்', ஜவுளிக்கடையில் 'ஆடித் தள்ளுபடி' என்று சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த எல்இடி போர்டு. அதன் வெளிச்சத்துக்குள்ளேயே, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், டேட்டாவையும் சேர்த்து அனுப்பி எதிரே வைத்த சின்ன ரிசீவரில் பிடிப்பதுதான் என் எம்.இ. ப்ராஜெக்ட். திருச்சியில் ஒரு தனியார் கல்லூரி, கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ். ஏழு மாதம் ஆனது, ₹10,200 செலவு. அதில் மூவாயிரத்துச் சொச்சமும் மூன்று மாதமும் யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும். அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வெளிச்சத்தில் டேட்டா அனுப்புவதை லை-ஃபை என்பார்கள். லை-ஃபை என்றால் எங்கள் பக்கம் காலங்காலமாக ஒரே ப்ராஜெக்ட்தான். செல்போன் ஆடியோவை ஒரு எல்இடிக்குக் கொடுப்பார்கள், எதிரே ஒரு குட்டி சோலார் பேனல், அதன் பின்னால் ஸ்பீக்கர். நடுவில் கையை நீட்டினால் பாட்டு நிற்கும், எடுத்தால் பாடும். ப்ராஜெக்ட் சென்டர்களில் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் கிரான்தம் பாங் என்பவரின் குழுவினர் 1990களின் கடைசியிலேயே எல்இடி போக்குவரத்து விளக்கிலிருந்து ஒலியை அனுப்பிக் காட்டியதைப் படித்திருந்தேன். விளக்கில் முடியுமென்றால் போர்டில் முடியாதா என்று தோன்றியது. ஊர் முழுக்க ஏற்கெனவே மாட்டியிருக்கும் போர்டு, தனியாக விளக்குகூட வாங்க வேண்டாம் என்று ஜீரோத் ரிவ்யூவில், அதாவது தலைப்பைச் சொல்லி ஒப்புதல் வாங்கும் முதல் கூட்டத்தில், பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் முதல் தப்பு அந்த ஒரு வரியில்தான் இருந்தது. போர்டு என்பது விளக்கு இல்லை. அது எனக்குப் புரிய நான்கு மாதம் ஆயிற்று.

சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். சனி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து, ஞாயிறு காலை எழும்பூரில் இறங்கி, நேரே அங்கே போய் நின்றால் முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை! சித்தி வீட்டில் ஒரு நாள் தங்கி, திங்கட்கிழமை ஒரு வகுப்பைக் கோட்டைவிட்டு வாங்கினேன். போர்டைக் கட்டும் துண்டுகளான பி10 சிவப்பு மாட்யூல் மூன்று, ஒன்று ₹400. அதற்கு மின்சாரம் கொடுக்கும் 5 வோல்ட் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ₹900. கூடவே, "கார்டு இல்லாம போர்டு எப்படிம்மா ஓடும்?" என்று கடைக்காரர் ஒரு வைஃபை கன்ட்ரோல் கார்டையும் ₹1,100க்குத் தலையில் கட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் போர்டு செய்து மாட்டுகிறவர்கள். அந்த கார்டில் போனிலிருந்து எழுத்தை ஏற்றலாம், ஓட்டலாம், அவ்வளவுதான். வெளிச்சத்தை எந்த நொடியில் அணைத்து எந்த நொடியில் ஏற்றுவது என்பது அதன் உள்ளே பூட்டிக் கிடக்கும், நம் கைக்கு வராது. வெளிச்சத்தில் டேட்டா ஏற்ற வேண்டுமென்றால் ரெடிமேட் கார்டு எதுவும் உதவாது, மாட்யூலை நேரே மைக்ரோகன்ட்ரோலரில், அதாவது நாம் எழுதும் ப்ரோகிராமை ஓட்டும் குட்டிக் கணினியில், இணைக்க வேண்டும். அதற்கு ஒரு ஆர்டுயினோ யூனோ போதும்.

மாட்யூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மேலே போனால் நான் விழுந்த குழியில்தான் விழுவீர்கள். பி10 என்றால் ஒரு எல்இடிக்கும் அடுத்ததுக்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி. அகலத்தில் 32, உயரத்தில் 16, மொத்தம் 512 எல்இடி. முதுகுப்பக்கம் திருப்பினால் பிட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி எல்இடிகளுக்குக் கொடுக்கும் 74எச்சி595 ஷிஃப்ட் ரிஜிஸ்டர் சிப்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், கூடவே எந்த வரிசை எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு 74எச்சி138. இரண்டு பக்கமும் 16 பின் சாக்கெட். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தாலும் ஒன்று உள்ளே வரும் வழி, மற்றது அடுத்த மாட்யூலுக்குப் போகும் வழி. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் அம்புக்குறிதான் அடையாளம். நான் அம்புக்குறியைப் பார்க்காமல் வெளியேறும் பக்கத்தில் கேபிளைச் செருகிவிட்டு ஒரு நாள் முழுக்க ப்ரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு மாட்யூலைக் கொன்றேன். எஸ்எம்பிஎஸ்ஸில் ப்ளஸ், மைனஸ் ஸ்க்ரூக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டேன். புகைகூட வரவில்லை, ஒரு வாசனை மட்டும்தான். ₹400 போயிற்று. அன்றைக்கு ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. மறுநாள் முதல் சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் தவிர வேறு நிறத்தைத் தொடுவதில்லை. பவர் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஸ்விட்ச் போடுவதுமில்லை. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 230 வோல்ட் வரும் ஸ்க்ரூவும் திறந்தேதான் இருக்கும். மேலே பிளாஸ்டிக் மூடி இல்லாவிட்டால் ஒரு அட்டையையாவது கட்டி மூடுங்கள். எனக்கு ஒரு முறை விரலில் பட்டுவிட்டது, அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

இன்னொரு வேடிக்கை. எஸ்எம்பிஎஸ் அணைந்திருக்க, யூனோ மட்டும் லேப்டாப்பிலிருந்து ஓடினால் போர்டு மங்கலாக எரியும். "அட, பவரே வேண்டாம் போலிருக்கே" என்று நான் சந்தோஷப்பட்டேன். உண்மையில் சிக்னல் பின்கள் வழியாகவே மாட்யூல் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டதில் ஒரு யூனோவின் இரண்டு பின்கள் செத்துப்போயின. ₹500. எப்போதும் போர்டு பவர் முதலில், யூனோ பிறகு. இரண்டின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் குப்பைதான் ஓடும்.

இனி ரிசீவர். முதலில் எல்டிஆர் என்ற, வெளிச்சத்துக்கேற்ப மாறும் ரெசிஸ்டரை வைத்தேன், லேபில் சும்மா கிடந்தது என்பதால். வெளிச்சம் மாறினால் அது மெல்லச் சோம்பல் முறித்து எழுந்திருக்கப் பல மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும், தெருவிளக்கு போடத்தான் லாயக்கு. அடுத்து டிவி ரிமோட்டில் வருகிற டிஎஸ்ஓபி1738, ஒரு சீனியர் சொன்னார் என்று ஐந்து வாங்கினேன். அது 38 கிலோஹெர்ட்ஸில் மினுக்கும் அகச்சிவப்புக்காகவே செய்தது. நம் சிவப்பு எல்இடியின் வெளிச்சத்தை அதன் கறுப்பு மூடியே தடுத்துவிடும். கடைசியில் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் பிபிடபிள்யூ34 போட்டோடயோடுக்கு வந்தேன், ஒன்று ₹90. முதலிலேயே அதற்குப் போயிருக்க வேண்டும். அதன் பின்னால் சிக்னலைப் பெருக்க ஒரு ஆப்-ஆம்ப் சிப். எல்லோரும் போடுகிற எல்எம்358ஐத்தான் நானும் போட்டேன். 5 வோல்ட்டில் ஓட்டினால் அதன் வெளியீடு மூன்றரை வோல்ட்டுக்கு மேல் ஏறாது என்பது டேட்டாஷீட்டைப் படித்தால் தெரியும், நான் இரண்டு வாரம் கழித்துத்தான் படித்தேன். எம்சிபி6002 என்ற வேறு ஆப்-ஆம்புக்கு மாறியதும் அந்தத் தலைவலி போனது.

நான் செய்த ஒரே நல்ல செலவு டிஎஸ்ஓ138 என்ற, சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் சின்ன ஆசிலாஸ்கோப் கிட், ₹2,200. நாமே சால்டர் செய்துகொள்ள வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான் காட்டும், இந்த வேலைக்கு அதுவே தாராளம். கல்லூரி லேபில் நல்ல ஸ்கோப் இருந்தது, ஆனால் நாலரை மணிக்குப் பூட்டிவிடுவார்கள், என் வேலையோ இராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் நடந்தது. வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து டீபக் செய்ய முடியாது. ஸ்கோப் வருவதற்கு முந்தைய ஆறு வாரமும் இருட்டில் ஊசி தேடிய கதைதான்.

முதல் ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் எனக்கு டேட்டா வந்தது. போர்டில் எல்லா எல்இடியையும் எரியவிட்டு, ஓஇ (அவுட்புட் எனேபிள்) என்ற பின்னை மட்டும் ஏற்றி இறக்கினேன். அந்த ஒரு பின்தான் மொத்தப் போர்டுக்கும் விளக்கு ஸ்விட்ச் மாதிரி. பல ப்ரோகிராம்களில் அதற்கு 'என்ஓஇ' (nOE) என்று பெயர் இருக்கும், அதைப் பார்த்து லோ கொடுத்தால் எரியும் என்று நினைப்பீர்கள். ஒற்றை நிற பி10இல் அது தலைகீழ், ஹை கொடுத்தால்தான் எரியும். எப்படியோ, என் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் லேப்டாப் திரையில் வந்து விழுந்தன. இரண்டு மீட்டர் தூரம். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்புக்கு அளவே இல்லை. ரிவ்யூவில் கைடு மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போர்டுல ஒண்ணுமே எழுதாம டேட்டா அனுப்புனா அது போர்டாம்மா, டார்ச் லைட்டா?"

அறைக்கு வந்து போர்டில் 'வணக்கம்' என்று ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட ஒழுங்காக வரவில்லை.

அதற்கடுத்த இரண்டு மாதம் எப்படிப் போயிற்று என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ப்ரோகிராமை நான்கு முறை முதலிலிருந்து எழுதினேன். போட்டோடயோடை மாற்றினேன், ரெசிஸ்டர்களை மாற்றினேன், ரிசீவர் கெட்டுவிட்டதென்று நினைத்து இன்னொன்று செய்தேன். அப்போதுதான் ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போன் செய்தேன், ₹18,000 ஆகும் என்றார்கள். வைத்துவிட்டேன். கொள்கை என்றெல்லாம் இல்லை, பணம் இல்லை. ஸ்கோப்பின் கொக்கியை ரிசீவரில் மாட்டி, டேட்டா எதுவும் அனுப்பாமல் வெறுமனே எழுத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்த்த அன்றுதான் விஷயம் பிடிபட்டது. திரையில் நேர்கோடு வந்திருக்க வேண்டும். வந்தது படிக்கட்டு. நான்கு படி, நான்கும் நான்கு உயரம், திரும்பத் திரும்ப.

காரணம் இதுதான். இந்த போர்டில் 16 வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதே இல்லை. 1, 5, 9, 13ஆம் வரிசைகள் முதலில் எரியும், அவை அணைந்து 2, 6, 10, 14, பிறகு 3இல் தொடங்கும் நான்கு, பிறகு 4இல் தொடங்கும் நான்கு. இதை 1/4 ஸ்கேன் என்பார்கள். வேகமாகச் சுற்றுவதால் நம் கண்ணுக்கு மொத்தமும் எரிவதாகத் தெரிகிறது. எல்லா எல்இடியும் எரியும்போது நான்கு கூட்டமும் சமம், அதனால் வெளிச்சம் மாறாமல் இருந்தது, என் டேட்டாவும் பிழைத்தது. எழுத்து ஓடும்போது ஒரு கூட்டத்தில் நாற்பது எல்இடி எரிகிறது, அடுத்ததில் பன்னிரண்டு. ரிசீவரில் நான் 'இந்த அளவுக்கு மேல் இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் சைபர்' என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டு எல்இடியின் 'ஒன்று' அந்தக் கோட்டைத் தொடவே தொடாது. ஹாங்காங் போக்குவரத்து விளக்கில் எல்லா எல்இடியும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட விளக்கை மனதில் வைத்து எழுதியவை. போர்டுக்கோ ஏற்கெனவே ஒரு தாளம் இருக்கிறது. அதன்மேல் நான் என் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு மருந்து மூன்று பங்கு. முதலாவது மான்செஸ்டர் கோடிங். ஒவ்வொரு பிட்டையும் இரண்டு பாதியாக்கி, ஒன்று என்றால் முதல் பாதி வெளிச்சம் அடுத்த பாதி இருட்டு, சைபர் என்றால் நேர்மாறு. ரிசீவர் இப்போது எந்தக் கோட்டோடும் ஒப்பிட வேண்டாம், முதல் பாதி பெரிதா இரண்டாவது பாதி பெரிதா என்று மட்டும் பார்த்தால் போதும். நாற்பது எல்இடி எரிந்தாலும் பன்னிரண்டு எரிந்தாலும் விடை ஒன்றுதான். இன்னொரு லாபம், எந்த டேட்டா போனாலும் பாதி நேரம்தான் எரியும் என்பதால் டேட்டாவுக்குத் தக்கபடி எழுத்து மினுக்குவதில்லை.

இரண்டாவது பங்குதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. யூனோவில் ஒரு டைமர் வரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தது, இன்னொரு டைமர் பிட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. வரிசை மாறும்போது இரண்டு மாட்யூலுக்குமாக 256 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டருக்குள் போக வேண்டும். அந்த நேரத்தில் பிட் டைமர் மணியடித்தால் வாசலில் நின்று காத்திருக்கும், பிட்டின் நீளம் கோணிப்போகும். இரண்டையும் தனித்தனியாக ஓடவிடுவதை நிறுத்தினேன். ஒரே டைமர், ஒரே தாளம்: ஒரு வரிசைக் கூட்டம் எரியும் நேரத்துக்குள் சரியாக ஒரு பைட். தொடக்கத்துக்கு ஒரு பிட், டேட்டா எட்டு பிட், ஒவ்வொன்றும் 250 மைக்ரோ விநாடி, ஆக 2,250. பிறகு 500 மைக்ரோ விநாடி முழு இருட்டு, அந்த இருட்டில்தான் அடுத்த வரிசைக்கான வேலை எல்லாம் நடக்கும். மான்செஸ்டரில் இருட்டு தொடர்ந்தாற்போல் 250 மைக்ரோ விநாடிக்கு மேல் நீளாது. அதனால் 500 இருட்டைப் பார்த்தாலே ரிசீவருக்குப் புது பைட் வரப்போகிறது என்று தெரிந்துவிடும், தனியாக அடையாளம் எதுவும் அனுப்ப வேண்டாம். இது எனக்குத் தோன்றிய இரவு மணி இரண்டரை. அறைத்தோழியை எழுப்பிச் சொன்னேன். அவள் சிவில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கணக்குப் போட்டால் நான்கு கூட்டத்துக்கும் சேர்த்து 11 மில்லி விநாடி, போர்டு விநாடிக்கு 91 முறை புதுப்பிக்கிறது. நான் முதலில் எடுத்த லைப்ரரியின் உதாரணத்தில் இது 50தான், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்த நாட்களில் எனக்குத் தினமும் தலைவலி வரும். டேட்டா விநாடிக்கு 363 பைட். இதைக் கேட்டு யாரும் மயங்கிவிழப் போவதில்லை. ஒரு கடையின் விலைப்பட்டியலையோ பஸ் நேரத்தையோ அனுப்ப இது யதேஷ்டம். வீடியோ அனுப்பலாம் என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள், வைவாவுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் பிடித்துக்கொள்வார்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக ஒவ்வொரு எல்இடியும் கால்வாசி நேரம் எரியும். என் முறையில் அதிலும் பாதி, இருட்டு இடைவெளி போக, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். பகலில் வெளியே வைத்தால் எழுத்து டல்லாகத்தான் தெரியும். உள்ளறைக்குச் சரி, தெருவுக்குச் சரிவராது என்று ரிப்போர்ட்டில் நானே எழுதிவிட்டேன். மறைத்தால்தான் கேள்வி வரும்.

மூன்றாவது பங்கு அற்பமானது, ஆனால் அதுதான் என்னைக் காப்பாற்றியது. எழுத்து ஓடி முடிந்து அடுத்தது வரும்வரை போர்டு காலியாக இருக்கும் அல்லவா, அப்போது எரிய எதுவும் இல்லை, டேட்டாவும் இல்லை. சில எழுத்துகளில் ஒரு வரிசைக் கூட்டம் முழுக்க ஒன்றுமே எரியாமல் போவதும் உண்டு. அதற்கு போர்டின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு நெடுவரிசையை எப்போதும் எரியவிட்டேன். 16 எல்இடி, கூட்டத்துக்கு நான்கு. இனி போர்டு எவ்வளவு காலியாக இருந்தாலும் நான்கு எல்இடியாவது டேட்டா பேசும்.

ரிசீவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சிக்னலின் வோல்ட்டேஜை எண்ணாகப் படிக்கும் யூனோவின் அனலாக்ரீட் கட்டளை ஒரு முறை படிக்க 100 மைக்ரோ விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நம் அரை பிட்டே 125 மைக்ரோ விநாடிதான். அப்படிப் படிக்கும் பகுதியான ஏடிசியின் வேகத்தைத் தீர்மானிக்கும் ப்ரீஸ்கேலரை 128இலிருந்து 16க்குக் குறைத்தால் ஒரு படிப்பு 13 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும், துல்லியம் கொஞ்சம் குறையும், அது நமக்கு வேண்டியதுமில்லை. ஒவ்வொரு பாதியிலும் ஐந்தாறு முறை படித்துக் கூட்டிக்கொண்டேன்.

வெயில்தான் கடைசி எதிரி. இராத்திரி ஹாஸ்டலில் அருமையாக ஓடியது, காலையில் ஜன்னல் திறந்ததும் செத்தது. நான் போட்டோடயோடுக்குப் பின்னால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன், நிறைய சிக்னல் வரட்டும் என்ற பேராசையில். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த டயோடு பத்து மைக்ரோ ஆம்பியருக்கு மேல் சாதாரணமாகக் கொடுக்கும், 1 மெகா ஓமில் பெருக்கிப் பாருங்கள், பத்து வோல்ட்டுக்கு மேல். 5 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், அப்புறம் அதற்குக் கண் தெரியாது. 47 கிலோ ஓமுக்கு இறக்கி, அதன்பின் இன்னொரு நிலையில் பெருக்கினேன். நடுவில் 10 நானோ ஃபாரட் கப்பாசிட்டரும் 47 கிலோ ஓமும் வைத்தேன். அது சுமார் 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குறைத்துவிடும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட்டெல்லாம் 100 ஹெர்ட்ஸில் அதிரும், அந்த அதிர்வும் வெயிலும் அங்கேயே பெரும்பாலும் அடிபட்டுப்போகும். சிவப்பு ஜிலேட்டின் பேப்பர் ஒட்டினால் சிவப்பு மட்டும் வரும் என்று ஒட்டியும் பார்த்தேன். அறையின் எல்இடி பல்புக்கு எதிராகக் கொஞ்சம் உதவியது, வெயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜிலேட்டின் அகச்சிவப்பைத் தடுக்காது, இந்த டயோடுக்கோ அதுதான் அதிகம் பிடிக்கும். இத்தனைக்கும் மேல் பலன் தந்தது எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய ஒரு ஜாண் கறுப்புக் குழாய். டயோடை அதன் அடியில் வைத்து, வாயில் ஸ்டேஷனரிக் கடை பூதக்கண்ணாடியைப் பொருத்தினேன். எல்லாம் ₹300க்குள். இரண்டு மீட்டர் தூரம் ஆறு மீட்டர் ஆயிற்று. ஆனால் குறி பார்த்து வைக்க வேண்டும், யாராவது மேசையை இடித்தால் போச்சு.

இதை முடித்துவிட்டு நிம்மதியாக ரிப்போர்ட் எழுதப் போயிருக்கலாம். இரண்டாவது ரிவ்யூவில் ஒருவர் "போன் கேமராவிலயே வாங்க முடியாதா?" என்று கேட்டுவிட, நானும் "பண்றேன் சார்" என்று வாயைக் கொடுத்தேன். மூன்று வாரம் போயிற்று. போன் கேமரா படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாகப் படிக்கிறது. அதனால் வேகமாக மினுக்கும் வெளிச்சம் படத்தில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டையாக விழும், அந்தப் பட்டைகளே பிட்டுகள். யோசனை நல்லதுதான், உலகத்தில் பலர் செய்ததும்கூட. கணக்கு மட்டும் நமக்குச் சாதகமாக இல்லை. 1,080 வரிசையை முப்பதில் ஒரு விநாடிக்குள் படிக்கிறது என்றால் ஒரு வரிசைக்கு அதிகபட்சம் சுமார் 31 மைக்ரோ விநாடி. போர்டு தூரத்தில் இருந்து படத்தில் 100 வரிசை உயரத்துக்குத் தெரிந்தால், ஒரு படத்தில் 3 மில்லி விநாடி வெளிச்சம்தான் கிடைக்கும். எனக்கு ஒரு பைட்டுக்கும் இடைவெளிக்குமே 2.75 வேண்டும். அதுவும் முழுதாக மாட்ட வேண்டும். போர்டுக்கு முக்கால் மீட்டர் பக்கத்தில் போனை நீட்டி, ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்து, ஷட்டரைக் கைமுறையாகக் குறுக்கினால் சில பைட்டுகள் வந்தன. "முயன்றது, கிடைத்தது இவ்வளவு" என்று ஒரு பக்கம் எழுதி முடித்தேன். ரிவ்யூவில் கேட்கும் எல்லாவற்றுக்கும் சரி சொல்லாதீர்கள். 'எதிர்காலப் பணி' என்ற அத்தியாயம் எதற்கு இருக்கிறது?

வைவா அன்று செமினார் ஹாலில் வைத்தார்கள். என் அறையில் பார்க்காத ஒன்று அங்கே இருந்தது: மேலே வரிசையாக எல்இடி பேனல் விளக்குகள், எதிரே ப்ரொஜெக்டர். முதல் இரண்டு நிமிடம் லேப்டாப்பில் குப்பையாக வந்தது. கை நடுங்கியது. எக்ஸ்டர்னல் வாட்சைப் பார்த்தார். குழாயைக் கொஞ்சம் கீழே சாய்த்து ப்ரொஜெக்டர் திரையின் வெளிச்சத்தை ஒதுக்கியதும் எழுத்துகள் வரத் தொடங்கின. முந்தின நாளே அந்த ஹாலுக்குப் போய் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், சாவி கேட்கச் சோம்பல்பட்டேன். "டெக்ஸ்ட் ஓடி முடியற கேப்ல என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்டபோது, வலது ஓரத்து நெடுவரிசையைத் தொட்டுக் காட்டினேன். அவர் எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார்.

இப்போது அந்த போர்டு எங்கள் தெரு முனை பேக்கரியில் தொங்குகிறது. கடைக்கார அண்ணன் ஆயிரம் ரூபாய் கொடுத்தார், ப்ரோகிராமோடு சேர்த்து. மிச்சமிருந்த கன்ட்ரோல் கார்டை வாங்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. போன வாரம் பப்ஸ் வாங்கப் போனபோது அண்ணன் மெல்லச் சொன்னார், "பாப்பா, அந்த ஓரத்துல ஒரு கோடு எரிஞ்சுகிட்டே இருக்கே, அதைக் கொஞ்சம் எடுத்து விடேன். வர்றவங்கல்லாம் போர்டு ரிப்பேரான்னு கேக்குறாங்க." சரிண்ணே என்று வந்துவிட்டேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இன்னும் போகவில்லை.